வண்டியா, வீடா?



நெடுஞ்சாலையில் ஒரு வீடு போகிறது என்று நான் சொன்னால் நீங்கள் நகைப்பீர்கள். தன் வீட்டைத் தானே சுமந்து செல்வது நத்தை ஒன்றுதான் என்று கீழ்வகுப்பிலேயே படித்திருக்கிறோம். ஆயினும் அமெரிக்க ஐக்கிய நாட்டில் இஃது அரிய காட்சியன்று. தொழிற்சாலையில் கட்டி முடித்த வீடு, கதவு, சன்னல், சமையலறை, குளியலறை அனைத்தோடும், அடியில் பூட்டிய சக்கரங்களின்மேல், பெரிய இழுவை வண்டி ஒன்றின் பின்னால் ஊர்ந்து செல்லும். குறித்த இடத்தை அடைந்ததும் அதனைத் தாங்குகற்களின்மீது அமர்த்திச் சக்கரங்களைக் கழற்றிவிடுவார்கள். பிறகு அதில் ஒரு குடும்பம் இருபது ஆண்டோ முப்பது ஆண்டோ வாழும். குழந்தைகள் அங்கிருந்தே பள்ளிக்குப் போய் வருவார்கள். வாசலில் பூச்செடி வளரும். அந்நாட்டுச் சட்டம் இதனை 'மானுபாக்சர்டு ஹோம்' என்று குறிக்கும்; நாம் தொழிற்சாலை வீடு என்று சொல்லிக்கொள்வோம்.

இவ்வீட்டைப் பற்றி அந்நாட்டுச் சட்டம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. இது வண்டியா, வீடா என்பதே அக்கேள்வி. விளையாட்டாகத் தோன்றலாம், ஆனால் அதற்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்தே, வாங்கிய கடனுக்கு எவ்வளவு வட்டி, வரியை எந்த அலுவலகத்தில் கட்டுவது, தவணை தவறினால் எவ்வளவு விரைவில் வெளியேற்றப்படுவோம், தந்தைக்குப் பின் மகனுக்கு எவ்வழியாகச் சொத்துப் போய்ச் சேரும் என்பன எல்லாம் தீர்மானமாகின்றன. அந்த விடை வீட்டின் சுவரிலும் இல்லை, கூரையிலும் இல்லை. ஒரு தாளில் இருக்கிறது. அந்தத் தாளின் வரலாற்றையும் அதன் ஆற்றலையும் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

நம் நாட்டுப் பழைய பத்திரங்களைப் புரட்டிப் பார்த்தவர்கள் 'ஸ்தாவர ஜங்கம சொத்துகள்' என்னும் தொடரைக் கண்டிருப்பார்கள். நிற்பது ஸ்தாவரம், நடப்பது ஜங்கமம். இக்காலத்தில் அசையாச் சொத்து, அசையும் சொத்து என்கிறோம். நிலத்தை விற்பதென்றால் எத்தனை சடங்குகள்! மூலப் பத்திரம் வேண்டும். வில்லங்கம் பார்க்க வேண்டும். முத்திரைத் தாளில் எழுதிச் சார்பதிவாளர் முன்னிலையில் கையொப்பமிட வேண்டும். மாட்டை விற்பதோ எளிது. சந்தையில் துண்டை மேலே போட்டுக்கொண்டு, அதற்குள் விரல்களைப் பிடித்து விலை பேசுகிறார்கள். விலை முடிந்ததும் பணம் ஒரு பக்கமும் மாடு ஒரு பக்கமுமாகப் போய்விடுகின்றன. பத்திரமும் இல்லை, பதிவும் இல்லை. அசையும் பொருளுக்குக் கைவசம் வைத்திருப்பதே பெரும்பாலும் உரிமைக்கு அடையாளமாகப் போதுமானதாக இருந்தது.

மோட்டார் வண்டி வந்தபோது இந்தப் பழைய ஒழுங்கு கலைந்தது. அது மாட்டைப் போல நடக்கும். நிலத்தைப் போல விலை பெறும். மேலும், தன் மாட்டை உழவன் சுழியாலும் கொம்பாலும் அடையாளம் காண்பான். ஒரே தொழிற்சாலையிலிருந்து ஒரே நிறத்தில் வெளிவந்த ஆயிரம் கார்களுள் தன்னுடையது எதுவென்று எவ்வாறு காண்பது? இரவில் திருடிய காரை விடிவதற்குள் பக்கத்து மாநிலத்துக்கு ஓட்டிச் சென்று விற்றுவிடலாம். அமெரிக்காவில் இத்திருட்டு மிகுந்து போகவே, திருடிய வண்டியை மாநில எல்லை கடத்திச் செல்வதை மத்திய அரசின் குற்றமாக்கும் சட்டம் ஒன்று 1919-இல் இயற்றப்பட்டது. திருடனைத் தண்டித்தால் மட்டும் போதாது, விற்க வருபவன் உரியவன்தானா என்பதை வாங்குபவன் அறிய ஒரு வழி வேண்டும் என்று கண்ட மாநிலங்கள், ஒன்றன்பின் ஒன்றாக, நிலத்துக்குப் பத்திரம் போல வண்டிக்கும் ஒரு பத்திரத்தை ஏற்படுத்தின. அங்கே அதற்கு 'டைட்டில்' என்று பெயர். நாம் உரிமைச் சான்றிதழ் என்போம்.

இங்கே ஒரு வேறுபாட்டை நீங்கள் தெளிவாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் வண்டியின் பதிவு வேறு, உரிமைச் சான்றிதழ் வேறு. இந்த வண்டி சாலையில் ஓட அனுமதி பெற்றது, இதற்குரிய கட்டணம் கட்டியாயிற்று என்று சொல்வது பதிவு. இந்த வண்டி இன்னாருக்குச் சொந்தம் என்று சொல்வது சான்றிதழ். முன்னதை உரிய காலத்தில் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும்; வண்டியோடு வைத்திருக்கவும் வேண்டும். பின்னதை வீட்டில் பெட்டிக்குள் பூட்டி வைப்பார்கள். வண்டியிலேயே வைத்துவிட்டால் திருடனுக்கு வண்டியோடு பத்திரத்தையும் கொடுத்தது போலாகும் அன்றோ?

நம் நாட்டில் இவ்விரண்டும் ஒன்றாக இருக்கின்றன. ஆர்.சி. புத்தகம் என்று நாம் சொல்லும் பதிவுச் சான்றிதழ்தான் ஓடுவதற்கும் ஆதாரம், நடைமுறையில் உடைமைக்கும் ஆதாரம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆம் பிரிவு, ஒரே மாநிலத்துக்குள் வண்டியை விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் பதிவு அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும் என்கிறது. ஆனால் நம்மவர் பலர் 29-ஆம் படிவத்திலும் 30-ஆம் படிவத்திலும் வெறுமனே கையொப்பமிட்டுக் கொடுத்துவிட்டு, விற்றாயிற்று என்று நிம்மதியாக இருக்கிறார்கள். 2007-இல் ஒருவர் தம் காரை இவ்வாறு விற்றார். அது கை மாறி, கை மாறிச் சென்று 2009-இல் விபத்துக்குள்ளாயிற்று. பதிவேட்டில் மட்டும் முதல்வரின் பெயரே நின்றது. பதிவேட்டில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே சட்டத்தின் கண்ணில் உரிமையாளர், இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இந்த விவகாரத்தில் ஏட்டில் உள்ள சுரைக்காய்க்குத்தான் விலை.

மீண்டும் அமெரிக்காவுக்கு வருவோம். அங்கே நாடு முழுமைக்கும் ஒரே உரிமைச் சான்றிதழ் இல்லை. ஒவ்வொரு மாநிலமும் தன் சட்டப்படி தன் சான்றிதழை வழங்குகிறது. ஒஹையோவில் மாவட்ட நீதிமன்ற எழுத்தர் அதனைத் தருகிறார். விற்பவரின் கையொப்பத்துக்கு நோட்டரியின் சான்றும் வேண்டும். கலிபோர்னியாவில் மோட்டார் வாகனத் துறை தருகிறது. விற்றவர் ஐந்து நாளுக்குள் அத்துறைக்கு அறிவித்துத் தம் பொறுப்பைக் கழித்துக்கொள்ள வேண்டும். நியூயார்க்கிலோ 1972-ஆம் ஆண்டு மாதிரிக்கும் அதற்கு முந்தியனவற்றுக்கும் சான்றிதழே கிடையாது; பதிவுத் தாளையே கைமாற்றிக் கொடுப்பார்கள். ஒரே நாட்டில் இத்தனை வகையா என்று வியக்க வேண்டாம். மாநிலங்கள் தம் உரிமையை எளிதில் விட்டுக்கொடுக்காத நாடு அது.

சான்றிதழில் என்ன இருக்கும்? உரிமையாளரின் பெயரும் முகவரியும் இருக்கும். வண்டியின் அடையாள எண் இருக்கும். 1981-ஆம் ஆண்டு மாதிரியிலிருந்து இவ்வெண் எழுத்தும் இலக்கமுமாகப் பதினேழு இடங்கள் கொண்டதாக வரையறுக்கப்பட்டது. அதில் ஐ, ஓ, கியூ என்னும் மூன்று ஆங்கில எழுத்துகளைச் சேர்ப்பதில்லை. ஒன்று, சுழி என்னும் இலக்கங்களோடு அவை மயங்கும் என்பதே காரணம். விடைத்தாள் திருத்தியவர்களுக்கு இந்த முன்யோசனையின் அருமை தெரியும்! அடுத்து, வண்டியின்மேல் கடன் இருந்தால் கடன் கொடுத்தவரின் பெயரும் சான்றிதழிலேயே பொறிக்கப்படும். எனவே அது கிரயப் பத்திரமும் வில்லங்கச் சான்றும் ஒன்றாய்ச் சேர்ந்தது போன்றது. பல மாநிலங்களில் கடன் தீரும் வரை சான்றிதழ் கடன் கொடுத்தவரிடமே இருக்கும். சில மாநிலங்களில், கடன் குறிப்போடு, உரிமையாளர் கையில் இருக்கும்.

விற்கும்போது விற்பவர் சான்றிதழில் உரிய இடத்தில் கையொப்பமிட்டுக் கொடுப்பார். வாங்கியவர் அதனை அலுவலகத்தில் ஒப்படைத்துத் தம் பெயரில் புதிய சான்றிதழ் பெற வேண்டும். வண்டி ஓடிய தொலைவையும் அதில் குறிக்க வேண்டும். மைல் காட்டும் கருவியைப் பின்னோக்கித் திருப்பி, நெடுந்தொலைவு ஓடிக் களைத்த வண்டியை இளமையானதாகக் காட்டும் மோசடி பெருகியதால் 1972-இல் மத்திய அரசு அதனைத் தடை செய்தது. 1986-இல் வந்த சட்டம் ஓடிய தொலைவை உரிமைச் சான்றிதழிலேயே எழுதக் கட்டாயப்படுத்தியது. விபத்திலோ வெள்ளத்திலோ சிதைந்து காப்பீட்டு நிறுவனத்தால் கழிக்கப்பட்ட வண்டியாயின், அதுவும் சான்றிதழில் முத்திரையாக இடம்பெறும்.

இவ்வளவும் எழுதி வைத்த பிறகும் சூழ்ச்சிக்காரர் சும்மா இருப்பதில்லை. ஒரு மாநிலத்தில் 'வெள்ளத்தில் மூழ்கியது' என்று முத்திரை பெற்ற வண்டியை, அவ்வளவு கண்டிப்பில்லாத வேறொரு மாநிலத்துக்குக் கொண்டுபோய், அங்கே புதிய சான்றிதழ் வாங்கினால் முத்திரை மறைந்துவிடும். துணியைத் துவைத்துக் கறை போக்குவது போலச் சான்றிதழைத் துவைப்பது என்றே அந்நாட்டார் இதனைக் குறிப்பிடுகிறார்கள். 2005-இல் கத்ரீனா என்னும் சூறாவளியில் மூழ்கிய கார்கள் பிறகு இவ்வாறு பல ஊர்ச் சந்தைகளில் தலைகாட்டின. இதனைத் தடுக்க, எல்லா மாநிலங்களின் சான்றிதழ் விவரங்களையும் ஓரிடத்தில் திரட்டும் ஏற்பாட்டுக்கு 1992-இல் சட்டம் வழி செய்தது. 2009 முதல் காப்பீட்டு நிறுவனங்களும், பழைய வண்டிகளை வாங்கி உடைப்போரும் அதற்குக் கணக்குக் காட்டக் கடமைப்பட்டனர். சட்டம் பிறந்ததற்கும் அந்தக் கடமை நடைமுறைக்கு வந்ததற்கும் இடையே பதினேழு ஆண்டுகள்.

வண்டியின் கதை இது. இனி வீட்டின் கதை.

விடுமுறைக் காலத்தில் காரின் பின்னால் பூட்டி இழுத்துச் செல்லும் சிறு கூண்டு வண்டியாகத்தான் இத்தகைய வீடு முதலில் தோன்றியது. பஞ்ச காலத்திலும் போர்க் காலத்திலும் மக்கள் அதிலேயே குடியிருக்கத் தலைப்பட்டனர். அளவு வளர்ந்தது, சமையலறை வந்தது, தனித்தனி அறைகள் வந்தன. வண்டி, வீடாக வளர்ந்துவிட்டது. ஆனால் அது பிறந்தபோது எந்தப் பதிவேட்டில் பெயர் எழுதப்பட்டதோ அதே பதிவேட்டிலேயே நின்றுவிட்டது. 1974-இல் மத்திய அரசு இவ்வீடுகளுக்கென்று ஒரு கட்டுமானச் சட்டம் இயற்றியது. அதன் விதிகள் 1976 ஜூன் 15 முதல் நடப்புக்கு வந்தன. பயண நிலையில் எட்டடி அகலமோ நாற்பதடி நீளமோ உடையதாக, அல்லது நிறுவிய பின் 320 சதுர அடிக்குக் குறையாததாக, அகற்ற இயலாத அடிச்சட்டத்தின்மேல் கட்டப்பட்டதாக இருக்க வேண்டும் என்பது இலக்கணம். விதிப்படி கட்டிய ஒவ்வொரு பகுதியின் வெளிச்சுவரிலும் சிவப்பு நிற உலோகத் தகடு ஒன்றைப் பதிப்பார்கள். 1980-இல் 'நகரும் வீடு' என்ற பழைய பெயரை நீக்கித் 'தொழிற்சாலை வீடு' என்னும் பெயரைச் சட்டத்தில் புகுத்தினார்கள். பெயரை மாற்றியது மத்திய அரசு. உரிமை எழுதும் பொறுப்போ மாநிலங்களுடையது. ஆகையால் பெயரில் வீடான பின்னும், பெரும்பாலான மாநிலங்களில் அது முதலில் வண்டியைப் போல உரிமைச் சான்றிதழ் பெறும் அசையும் பொருளாகவே தொடர்கிறது.

தமிழ் இலக்கணம் படித்த உங்களுக்கு இதனை எளிதில் விளக்கலாம். உயர்திணைக்கும் அஃறிணைக்கும் பொதுவாக வரும் பெயரை விரவுப் பெயர் என்கிறோம். 'வெள்ளையன்' என்பது மனிதனுக்கும் பெயர், காளைக்கும் பெயர். 'வெள்ளையன் வந்தான்' என்றால் மனிதன்; 'வெள்ளையன் வந்தது' என்றால் காளை. பெயரைக் கொண்டு திணையை அறிய முடியாது. அது கொள்ளும் வினையைக் கொண்டே அறிய வேண்டும். தொழிற்சாலை வீடும் சட்டத்தின் இலக்கணத்தில் ஒரு விரவுப் பெயர்தான். அது எந்த அலுவலகத்தில் எவ்வாறு எழுதப்பட்டுள்ளது என்பதே அதன் வினைமுற்று.

புளோரிடா மாநிலத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே இவ்வீடுகள் மிகுதி. வீட்டை வாங்கியவர் முப்பது நாளுக்குள் தம் பெயரில் உரிமைச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அகலமான வீடாயின் அதனை இரண்டு பாதிகளாகக் கட்டி, தனித்தனியே இழுத்து வந்து, வந்த இடத்தில் ஒன்றாகப் பொருத்துவார்கள். உள்ளே நின்று பார்த்தால் ஒரே கூடம். நடுவில் இணைப்பு இருப்பதே தெரியாது. சட்டத்துக்கோ அவை இரண்டு. இரண்டு அடையாள எண்கள், இரண்டு சான்றிதழ்கள். மூன்று பகுதியாயின் மூன்று சான்றிதழ்கள். பழைய வீட்டை வாங்குபவர் ஒரு சான்றிதழை மட்டும் பெற்றுக்கொண்டு பணத்தைக் கொடுத்தால், சட்டத்தின்படி அவர் வாங்கியது கூடத்தில் பாதி! பாகப் பிரிவினையில் நடுச்சுவர் எழுப்பிக்கொள்ளும் நம்மூர் அண்ணன் தம்பியருக்கு வேண்டுமானால் இவ்வீடு ஏற்றதாக இருக்கும்.

அங்கே நிலம் பிறருடையதாக இருந்து, வாடகை கொடுத்து வீட்டை நிறுத்தியிருந்தால், வீட்டின் உரிமையாளர் ஆண்டுதோறும் ஓர் ஒட்டுச் சீட்டு வாங்கிச் சன்னலில் ஒட்ட வேண்டும். அது டிசம்பர் 31-ஆம் நாளோடு காலாவதியாகும். நிலமும் வீடும் ஒருவருக்கே சொந்தமாயின், அது அசையாச் சொத்து என்று சொத்து மதிப்பீட்டாளரிடம் சான்று பெற்று, வேறு வகையான சீட்டு ஒட்டிக்கொள்ளலாம். பிறகு நிலவரியோடு சேர்ந்த வரிதான். ஆனால் இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. வரிக்கு அசையாச் சொத்தாக மாறிவிட்ட பின்னும் பழைய உரிமைச் சான்றிதழ் உயிரோடுதான் இருக்கிறது. நிலத்தின் பத்திரத்தை மட்டும் எழுதி வாங்கியவருக்கு வீட்டின் சான்றிதழ் வந்து சேர்ந்ததாகாது. அதையும் தனியே மாற்ற வேண்டும். அல்லது சான்றிதழை ஒப்படைத்து, நிலப் பதிவேட்டில் உரிய ஆவணங்களைப் பதிந்து, அந்தச் சான்றிதழுக்கு ஓய்வு கொடுத்துவிட வேண்டும். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்பது இதுதான்.

டெக்சஸ் மாநிலம் வேறொரு வழியை மேற்கொண்டது. அங்கே வாகனத் துறைக்கு இதில் வேலை இல்லை. மாநில வீட்டுவசதித் துறை உரிமை அறிக்கை என்னும் ஆவணத்தைத் தருகிறது. இது அசையும் சொத்தாக இருக்கட்டுமா, அசையாச் சொத்தாக இருக்கட்டுமா என்று உரிமையாளரே தேர்ந்து சொல்லலாம். அசையாச் சொத்தாக்க வேண்டுமாயின் நிலம் அவருடையதாகவோ, நீண்ட காலக் குத்தகையில் உள்ளதாகவோ இருக்க வேண்டும். அறிக்கையின் நகலை அறுபது நாளுக்குள் மாவட்ட நிலப் பதிவேட்டில் பதிய வேண்டும். நியூ ஹாம்ப்சயர் இன்னும் ஒரு படி முன்னே சென்றது. வீட்டை ஓரிடத்தில் நிறுத்தித் தண்ணீர், மின்சாரம் முதலியவற்றோடு இணைத்துவிட்டால் அது அசையாச் சொத்துதான். நிலம் பிறருடையதாயினும் சரி. மற்ற வீடுகளைப் போலவே பத்திரப் பதிவேட்டில் எழுதிக் கைமாற்றுகிறார்கள். என் சிறு மதிப்பில், இம்மூன்றனுள் இதுவே நேரான வழி. மனிதர் குடியிருப்பதை வீடு என்று சொல்வதற்கு இத்தனை சுற்றுவழி எதற்கு?

வட்டிக் கணக்கைப் பார்த்தால் இச்சொல்லின் விலை தெரியும். அசையாச் சொத்தாக எழுதப்பட்ட வீட்டுக்கு வங்கிகள் வீட்டுக் கடன் கொடுக்கும். அதற்கு வட்டி குறைவு, தவணைக் காலம் நீளம். அசையும் பொருளாக எழுதப்பட்டதற்கு, கார் கடனைப் போன்ற கடன்தான் கிடைக்கும். வட்டி மிகுதி, காலம் குறைவு, கடன் வாங்குவோருக்கான சட்டப் பாதுகாப்பும் குறைவு. நுகர்வோர் நிதிப் பாதுகாப்புக்கான அமெரிக்க மத்திய அமைப்பு 2014-இல் வெளியிட்ட ஆய்வறிக்கை இதனை விரிவாக எடுத்துக்காட்டியது. நிலமும் தமக்கே சொந்தமாக இருந்தும், வீட்டை அசையும் பொருளாகவே எழுதிக் கூடிய வட்டிக்குக் கடன் வாங்கியவர்கள் பலர் என்பதும் அதில் வெளிப்பட்டது. அத்தகைய கடன் விரைவில் முடியும், தொடக்கச் செலவு குறைவு, நிலத்தைப் பணயம் வைக்க வேண்டியதில்லை என்பன காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. விற்பனை நிலையத்தில் நிற்கும் எளிய மனிதருக்கு மாதத் தவணை எவ்வளவு என்பதுதான் காதில் விழும். கடன் படிவத்தில் வீடு எந்தத் திணையில் எழுதப்படுகிறது என்பது விழாது.

தவணை தவறினாலோ வேறுபாடு மேலும் கூர்மையாகும். நிலத்தோடு சேர்ந்த வீட்டைக் கடன்காரர் எடுத்துக்கொள்ள வேண்டுமாயின் முறையான அறிவிப்பு, கால அவகாசம், ஏலம் என்று பல படிகள் உண்டு. காருக்கு இவை இல்லை. அமைதி குலையாமல் எடுத்துச் செல்ல முடியுமாயின் நீதிமன்றத்தை நாடாமலே இழுத்துச் சென்றுவிடலாம். மக்கள் உள்ளே வாழும் வீட்டை அங்ஙனம் இழுத்துச் செல்ல இயலாதாகையால் பொதுவாக நீதிமன்றத்துக்குத்தான் போகிறார்கள். ஆயினும் அது பொருளை மீட்கும் வழக்கு. நில அடமான வழக்கின் நிதானம் பல மாநிலங்களில் அதற்கு இல்லை.

இவற்றோடு நிலத்தின் சிக்கலும் சேர்கிறது. வீடு தமது, நிலம் பிறரது என்னும் நிலையில் வாழ்பவர்கள் மிகப் பலர். நிலவாடகை கட்ட முடியாமற் போனால், பெயரளவில் நகரும் இவ்வீட்டை நகர்த்திக்கொண்டு போகலாமே என்று தோன்றும். ஆனால் ஒருமுறை அமர்த்திய வீட்டைப் பெயர்த்துச் செல்லப் பல ஆயிரம் டாலர் செலவாகும். பழைய வீடு பயணத்தைத் தாங்காது. தாங்கினாலும் பழைய வீட்டைச் சேர்த்துக்கொள்ள வேறு நில உரிமையாளர் இசையமாட்டார். ஆகவே இவ்வீடுகளுட் பெரும்பாலானவை தொழிற்சாலையிலிருந்து வந்த அந்த ஒரு பயணத்துக்குப் பிறகு மறுபடி நகர்வதே இல்லை. சட்டத்தில் அசைவது, உண்மையில் அசையாதது. இந்த முரண்பாட்டின் சுமையைத் தாங்குபவர்கள் அந்நாட்டின் எளிய மக்கள். நியூ ஹாம்ப்சயரில் 1984 முதல், குடியிருப்போரே கூட்டுறவுச் சங்கமாகக் கூடித் தாம் வாழும் நிலத்தை விலைக்கு வாங்கும் முயற்சி நடந்து வருகிறது. பின்பு அது வேறு மாநிலங்களுக்கும் பரவியது.

சான்றிதழ் தொலைந்து போவது இன்னொரு துன்பம். கார் பத்து, பதினைந்து ஆண்டில் பழசாகிக் கழிந்துவிடும். வீடு நாற்பது ஆண்டு நிற்கும். அதற்குள் அது மூன்று, நான்கு பேரிடம் கை மாறியிருக்கும். ஒருவர் மற்றொருவருக்குத் தவணையில் விற்றிருப்பார். ஒரு ரசீது எழுதிக் கொடுத்திருப்பார். சான்றிதழை மாற்றும் கட்டணத்துக்கு அஞ்சி இருவரும் அலுவலகம் போயிருக்கமாட்டார்கள். பாட்டி இறந்துபோவாள், பேரன் அதே வீட்டில் வாழ்வான், சான்றிதழில் பாட்டிக்கு முன்னால் இருந்தவரின் பெயரே இருக்கும். அவர் எங்கே இருக்கிறார் என்பது யாருக்கும் தெரியாது. அன்றாட வாழ்வில் இதனால் ஒரு குறையும் தோன்றாது. வீட்டை விற்க முற்படும் நாளிலும், கடன் கேட்கும் நாளிலும், புயல் அடித்த மறுநாளிலும்தான் அந்தத் தாள் நினைவுக்கு வரும்.

புயல் என்றது அணிக்காக அன்று. சூறாவளி மிகுந்த தென்மாநிலங்களிலேயே இவ்வீடுகளும் மிகுதி. பேரிடருக்குப் பின் மத்திய அரசின் நெருக்கடி மேலாண்மை அமைப்பு வீட்டைச் செப்பனிடப் பண உதவி செய்கிறது. அதற்கு முதற்கேள்வி, இவ்வீடு உம்முடையது என்பதற்கு ஆதாரம் எங்கே என்பதுதான். ஆதாரம் காட்ட முடியாதவர்கள் உதவி பெறாமல் திரும்பிய செய்திகள் ஒவ்வொரு பேரிடருக்குப் பின்னும் வந்தன. கூரை இழந்து நிற்பவரிடம் தாளைக் கேட்பது கொடுமைதான். தாளைக் கேளாமல் பொதுப்பணத்தை வாரிக் கொடுப்பதும் அரசாங்கத்துக்கு அழகன்று. 2021-இல் அவ்வமைப்பு தன் விதிகளைத் தளர்த்தி, ஏற்கத்தக்க ஆவணங்களின் வகைகளைப் பெருக்கியது. தொழிற்சாலை வீட்டில் வாழ்பவர்களும், பாட்டன் சொத்தில் பத்திரமின்றி வாழ்பவர்களும், வேறு எந்த ஆவணமும் கிடைக்காதபோது, கடைசி வழியாக, இவ்வீடு எனக்கு உரியது என்று தாமே எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுக்கலாம். அந்தக் கையெழுத்து உதவி பெறுவதற்கு மட்டுமே செல்லும். அதே வீட்டை மறுமாதம் விற்க வேண்டுமாயின், பாட்டிக்கு முன்னால் இருந்தவரைத் தேடிக்கொண்டு பேரன் மறுபடியும் அலுவலகத்துக்குப் போகத்தான் வேண்டும்.